காசில்ரே குன்றின்மேல் ஒரு பள்ளி

பெல்பாஸ்ட் மாநகரின் நடுவிலிருந்து தென்கிழக்கே செல்லும் சாலைகள் லாகன் ஆற்றைக் கடந்து, செங்கல் வீடுகள் வரிசை வரிசையாய் நிற்கும் தெருக்களின் ஊடே மெல்ல மேலேறுகின்றன. போகப் போக வீடுகள் விலகி நிற்கின்றன. முன்புறத் தோட்டங்கள் பெரிதாகின்றன. ஓரிடத்தில் நகரம் முடிந்து புல்வெளி தொடங்குகிறது. இவையே காசில்ரே குன்றுகள். இங்கு ஏறித் திரும்பிப் பார்ப்பவருக்கு நகரம் முழுவதும் உள்ளங்கையில் வைத்தாற்போல் தெரியும். எதிரே குகைக் குன்று எனப் பொருள்படும் கேவ்ஹில், வலப்புறம் கடற்கழி, அதன் கரையில் ஹார்லண்டு-வுல்ப் கப்பல் தளத்தின் மாபெரும் மஞ்சள் பாரந்தூக்கிகள் இரண்டு. சம்சோன், கோலியாத்து என்று அவற்றுக்கு விவிலியப் பெயர்களையே இட்டிருக்கிறார்கள். டைட்டானிக் கப்பலைக் கட்டி 1911-ஆம் ஆண்டில் நீரில் இறக்கியது இதே நிறுவனம்தான். இடப்புறம் மேற்கு பெல்பாஸ்ட். அங்கே கத்தோலிக்கர் தெருவுக்கும் புரோட்டஸ்டண்டுச் சபையார் தெருவுக்கும் நடுவே 1969-ஆம் ஆண்டு முதல் எழுப்பப்பட்ட மதில்கள் இன்றும் நிற்கின்றன. அவற்றுக்குச் ‘சமாதான மதில்கள்’ என்று பெயர்!

நகரமும் நாட்டுப்புறமும் கைகோக்கும் இந்த விளிம்பில், மேன்ஸ் சாலையில் அமைந்திருக்கிறது லாகன் கல்லூரி. கல்லூரி என்ற பெயரைக் கண்டு மயங்க வேண்டாம். நம் ஊரில் மேனிலைப் பள்ளி என்போமே, அதுதான். பதினொரு வயது முதல் பதினெட்டு வயது வரையுள்ள ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் ஆயிரத்து இருநூறு பேருக்கு மேல் இங்குப் பயில்கின்றனர். மேன்ஸ் என்பது ஸ்காட்லாந்து மரபில் சபைப் போதகர் குடியிருக்கும் மனைக்குப் பெயர். போதகர் மனைச் சாலையில் நிற்கும் இப்பள்ளியைத் தோற்றுவிக்க முன்னின்றவர்களுள் பலர் கத்தோலிக்கத் தாய்மார் என்பதை எண்ணும்போது புன்னகை வராமல் இராது.

இருபாலர் சேர்ந்து படிக்கும் புறநகர்ப் பள்ளிகள் உலகெங்கும் உண்டு. அதில் புதுமை எதுவும் இல்லை. ஆனால் வட அயர்லாந்தில் ‘கலந்து படிப்பது’ என்றால், சிறுவரும் சிறுமியரும் ஒரே வகுப்பில் அமர்வது மட்டுமன்று. கத்தோலிக்கரும் புரோட்டஸ்டண்டாரும் ஒரே வகுப்பில் அமர்வது. நமக்கு இது சற்று வியப்பாக இருக்கும். நம் கன்னியர் மடத்துப் பள்ளிகளில் இந்துப் பிள்ளையும் இசுலாமியப் பிள்ளையும் கத்தோலிக்கப் பிள்ளையும் ஒரே பலகையில் அமர்ந்து படிப்பதை நாம் நாள்தோறும் காண்கிறோம். அதைப் பெரிதாகப் பேசுவதும் இல்லை. பெல்பாஸ்டிலோ இரு சாராரும் கிறிஸ்தவர்கள். பெறுவது ஒரே திருமுழுக்கு. சொல்லுவது ஒரே ‘பரலோகத்திலிருக்கிற எங்கள் பிதாவே’. ஆயினும் ஐந்து வயதில் தனித்தனிப் பள்ளிக்குப் போகத் தொடங்கும் அப்பிள்ளைகள், ஒருவரோடொருவர் ஒரு முறையேனும் அமர்ந்து பேசாமலே பதினெட்டு வயதைக் கடப்பது அங்கு வழக்கமாய் இருந்தது. இன்னும் பல இடங்களில் இருக்கிறது.

பிரிவினை எவ்வளவு ஆழமானது என்பதற்கு ஒரு சிறு சான்று போதும். ஆங்கில நெடுங்கணக்கின் எட்டாம் எழுத்தைப் புரோட்டஸ்டண்டுப் பள்ளியில் படித்தவர் ‘எய்ச்’ என்பார். கத்தோலிக்கப் பள்ளியில் படித்தவர் ‘ஹெய்ச்’ என்பார். ஓர் எழுத்தை உச்சரிக்கச் சொன்னாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். நீதிபதிகள் ஆகமத்தில் யோர்தான் துறையில் ஒரு சொல்லைச் சொல்லச் செய்து எப்பிராயீமியரைப் பிரித்தறிந்த வரலாறு வாசகர் நினைவுக்கு வரலாம். விளையாட்டும் அப்படியே. கேலிக் கால்பந்தும் ஹர்லிங்கும் ஒரு பக்கம். ரக்பியும் ஹாக்கியும் மறுபக்கம். வேலைக்கு விண்ணப்பிப்பவனிடம் “நீ எந்தப் பள்ளி?” என்று கேட்டால், அவன் கல்வியை மட்டும் கேட்டதாகாது. ஆசிரியர்களுக்கும் இரு பயிற்சிக் கல்லூரிகள்: பால்ஸ் சாலையில் கத்தோலிக்கரின் புனித மரியாள் கல்லூரி; மறுபுறத்தாருக்கு ஸ்டிரான்மில்லிஸ்.

தொடக்கத்தில் இப்படி அமைய வேண்டும் என்று எவரும் திட்டமிடவில்லை. அயர்லாந்துக்கென 1831-ஆம் ஆண்டில் ஸ்டான்லி பிரபு வகுத்த தேசியக் கல்வித் திட்டம், பிள்ளைகள் பாடங்களைச் சேர்ந்து கற்கவும், மறைக்கல்வியை மட்டும் தனித்தனியே பெறவுமே வழி செய்தது. டப்ளின் பேராயர் டேனியல் மரே அத்திட்டத்தின் குழுவிலேயே உறுப்பினராய் அமர்ந்தார். டுவாம் பேராயர் ஜான் மக்ஹேல் அதைக் கடுமையாக எதிர்த்தார். உரோமைக்கு வழக்குப் போனபோது, 1841-ஆம் ஆண்டில் அந்தந்த ஆயரே முடிவு செய்துகொள்ளட்டும் என்று விடை வந்தது. பிரெஸ்பிட்டேரியன் சபையாரும் ஆங்கிலிக்கன் சபையாரும் அத்திட்டத்தின்மேல் குறைந்த ஐயம் கொண்டிருக்கவில்லை. ஒவ்வொரு சபையும் தன் பக்கம் இழுத்ததில், பெயரளவில் பொதுவாக இருந்த பள்ளிகள் அந்நூற்றாண்டு முடிவதற்குள் செயலளவில் சபைப் பள்ளிகளாகிவிட்டன.

அயர்லாந்து பிளவுபட்டு, 1921-ஆம் ஆண்டில் வட அயர்லாந்து தனி ஆட்சிப் பகுதியான பின், லண்டன்டெரி பிரபு 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாக மீண்டும் பொதுப் பள்ளியை ஏற்படுத்த முயன்றார். புரோட்டஸ்டண்டுச் சபைகள் விவிலியப் போதனை வேண்டும் என்று கிளர்ந்தெழுந்து, 1925, 1930-ஆம் ஆண்டுத் திருத்தங்களால் அரசுப் பள்ளிகளைத் தமக்கேற்ப மாற்றிக்கொண்டன. கத்தோலிக்கத் திருச்சபை தன் பள்ளிகளைக் கையளிக்க மறுத்து வெளியே நின்றது. அதற்குரிய விலையையும் கொடுத்தது. கட்டடச் செலவில் ஒரு பெரும்பங்கைப் பங்கு மக்களே, அதுவும் ஏழை மக்களே, ஞாயிறு காணிக்கையிலிருந்து செலுத்த வேண்டியதாயிற்று. 1947-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டடச் செலவில் 100க்கு 65 பங்கு அளித்தது. 1968-ஆம் ஆண்டில் அது 80 ஆயிற்று. முழுச் செலவையும் அரசு ஏற்றது 1990களில்தான்.

அப்பள்ளிகளை இழிவாக எண்ணிவிடக் கூடாது. அந்நாட்டில் மூன்றில் ஒரு பங்கினராய், வேலையிலும் வீட்டு ஒதுக்கீட்டிலும் தள்ளிவைக்கப்பட்ட ஒரு மக்களுக்குத் தலைநிமிர இடம் தந்தவை அவை. டெரி நகரின் புனித கொலம்பு கல்லூரி ஒன்றிலிருந்தே, 1995-ஆம் ஆண்டில் இலக்கியத்துக்கான நோபெல் பரிசு பெற்ற கவிஞர் சீமஸ் ஹீனியும், 1998-ஆம் ஆண்டில் சமாதானத்துக்கான நோபெல் பரிசு பெற்ற ஜான் ஹியூமும் வந்தனர். எளிய குடும்பத்துப் பிள்ளைகளை இந்நிலைக்கு உயர்த்திய பள்ளிகளை ஆயர்கள் கண்ணின் மணிபோல் காத்ததில் வியப்பு என்ன? கத்தோலிக்கப் பிள்ளைகள் கலப்புப் பள்ளிகளுக்குச் செல்லலாகாது என்று 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1374-ஆம் விதியும் கூறியது. எந்தச் சூழலில் விலக்கு அளிக்கலாம் என்பதை உள்ளூர் ஆயரே முடிவு செய்ய வேண்டும்.

இந்நிலையில் 1960களின் இறுதியில் கலவரம் வெடித்தது. 1972-ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் 470 பேருக்கு மேல் மாண்டனர். 1998-ஆம் ஆண்டில் உடன்படிக்கை ஏற்படும் வரை மொத்தம் ஏறத்தாழ 3,500 உயிர்கள் மாய்ந்தன. வட அயர்லாந்தின் மக்கள்தொகையோ அப்போது பதினைந்து இலட்சத்தை ஒட்டியதே.

அந்நாட்களில் கத்தோலிக்கப் பெற்றோர் சிலர், பெரும்பாலும் நகரின் புறத்தே குடியிருந்தோர், தங்கள் பிள்ளைகளை அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு அரசுப் பள்ளிக்கு அனுப்பினர். விசுவாசத்தைக் கைவிட்டவர்கள் அல்லர் அவர்கள். ஞாயிறு திருப்பலி தவறாதவர்கள். பிள்ளைகளுக்கு மறைக்கல்வி குறைவுபடக் கூடாதே என்று தாங்களே கூடி ஞாயிறு வகுப்புகள் நடத்தினர். ஆயினும் டவுண்-கானர் மறைமாவட்டத்தின் அப்போதைய ஆயர் வில்லியம் பில்பின், கத்தோலிக்கமல்லாத பள்ளியில் பயிலும் பிள்ளைகளுக்கு உறுதிபூசுதல் அளிக்க மறுத்தார்.

ஒரு தாயின் இடத்திலிருந்து இதைச் சற்று எண்ணிப் பார்ப்போம். பங்கின் மற்றப் பிள்ளைகள் புத்தாடை அணிந்து வரிசையில் நிற்கிறார்கள். ஜெபம் தெரியாமலோ மறைக்கல்வி இல்லாமலோ அன்று, எந்தப் பலகையில் அமர்ந்து கணக்குப் படித்தான் என்பதன் காரணமாகத் தன் பிள்ளை மட்டும் அவ்வரிசையில் இல்லை. திருச்சபையை நேசிப்பவளுக்கே இது வலிக்கும். நேசிக்காதவளுக்கு இதில் வலிக்க ஒன்றும் இல்லை. ஆயரின் அச்சத்துக்கு வரலாறு உண்டு என்பதை மேலே கண்டோம். ஆயினும் பெற்றோரோடு கொண்ட கருத்து வேறுபாட்டுக்குப் பிள்ளையின் திருவருட்சாதனத்தை ஈடாக வைத்தது கடுமை என்றே எமக்குப் படுகிறது. பிள்ளைகளின் கல்வியைத் தெரிந்துகொள்ளும் முதல் உரிமை பெற்றோருடையது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ஆம் ஆண்டில் அறிவித்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அவ்வுரிமையைக் கத்தோலிக்கப் பள்ளிக்கு அரசிடம் நீதி கேட்கும் ஆயுதமாக ஆயர்கள் கொண்டனர். அதே உரிமையை இப்பெற்றோர் தங்கள் ஆயரிடமே கேட்டனர்.

மறுப்பு அவர்களைச் சிதறடிக்கவில்லை, ஒன்று சேர்த்தது. செசில் லினஹன் முதலிய கத்தோலிக்கத் தாய்மாரோடு பிற சபைப் பெற்றோரும் இணைந்தனர். ‘எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக’ என்று பொருள்படும் பெயரோடு 1974-ஆம் ஆண்டில் ஓர் இயக்கம் அமைந்தது. தனிப் பள்ளி கட்டுவது அவர்களின் முதல் எண்ணம் அன்று. இருக்கும் பள்ளிகளே இரு சாராருக்கும் கதவு திறக்க வேண்டும். நிர்வாகத்தில் இரு சபைகளும் பங்குபெற வேண்டும். அதற்குச் சட்டம் இடம் தர வேண்டும். இவ்வளவே கேட்டனர். டன்லீத் பிரபு பிரபுக்கள் சபையில் தனி உறுப்பினர் மசோதாவாகக் கொணர்ந்தது 1978-ஆம் ஆண்டில் சட்டமாயிற்று. சட்டம் வந்தது, பள்ளி வரவில்லை. சபைகள் அசையவில்லை. அப்போதிருந்த நூற்றுக்கணக்கான பள்ளிகளுள் ஒன்றேனும் மாற முன்வரவில்லை.

மூன்று ஆண்டுகள் காத்திருந்த பெற்றோர், இனிக் காத்திருந்தால் பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள் என்று துணிந்தனர். (சமுதாயச் சீர்திருத்தம் எத்தனை ஆண்டுகளும் பொறுக்கும், பதினொரு வயதுப் பிள்ளை அடுத்த ஆண்டு பன்னிரண்டாகிவிடுவான்.) அவர்கள் துணிந்த ஆண்டைப் பாருங்கள்: 1981. மேஸ் சிறையில் பாபி சாண்ட்ஸ் உண்ணாநோன்பிருந்து மே மாதம் 5-ஆம் நாள் இறந்தார். ஆகஸ்டு மாதம் முடிவதற்குள் அவரோடு சேர்த்துப் பத்துப் பேர் அவ்வாறே இறந்தனர். ஒவ்வொரு சாவுக்கும் தெருக்கள் எரிந்தன. கலவர ஆண்டுகளுள் மக்கள் மனம் மிகவும் கசந்திருந்த ஆண்டுகளில் அது ஒன்று. அந்த ஆண்டு செப்டம்பர் மாதத்தில், லாகன் ஆற்றின் கரையில் ஷாஸ் பாலத்தருகே ஆர்ட்னவாலி என்னும் இடத்தில், சாரணர் இயக்கத்தின் கூடத்தில் பள்ளி தொடங்கியது. மாணவர் 28 பேர். முதல் தலைமையாசிரியை ஷீலா கிரீன்பீல்டு அம்மையார்.

பள்ளியின் பெயர் ஆற்றின் பெயரே. ஒரு புனிதரின் பெயரை இட்டிருந்தால் ஒரு சாரார் முகம் சுளித்திருப்பர். ஓர் அரசரின் பெயரை இட்டிருந்தால் மறுசாரார். ஆண்ட்ரிம், டவுண் என்னும் இரு மாவட்டங்களுக்கும் எல்லையாக ஓடி, இரண்டுக்கும் நீர் தரும் ஆறு லாகன். விருதுவாக்கை மட்டும் இலத்தீனிலே எடுத்துக்கொண்டனர். புனித அருளப்பர் நற்செய்தி பதினேழாம் அதிகாரத்தில், பாடுகளின் முன்னிரவில் ஆண்டவர் தம்மவர் ஒன்றாயிருக்க வேண்டித் தம் தந்தையிடம் மன்றாடினாரே, அந்த மன்றாட்டின் சொற்கள். இரு சபையாரின் விவிலியத்திலும் மாறாமல் இருக்கும் வாக்கு அது.

முதல் மூன்று ஆண்டுகள் அரசின் உதவி இல்லை. மாணவர் எண்ணிக்கை பெருகும், பள்ளி நிலைக்கும் என்று காட்டினால்தான் அரசு கைகொடுக்கும். பணம் இல்லாமல் எப்படிப் பெருகும்? எந்த ஊர்ப் பள்ளியும் அறிந்த சங்கடம்தான். கூடத்தின் வாடகை, ஆசிரியர் சம்பளம், பலகை, நாற்காலி எல்லாம் நன்கொடையாலும் கடனாலுமே நடந்தன. நபீல்டு அறக்கட்டளை, குவேக்கர் மரபில் தோன்றிய ஜோசப் ரவுண்ட்ரி அறக்கட்டளை முதலியவை உதவின. 1984-ஆம் ஆண்டில் அரசு பள்ளியை ஏற்றுச் செலவை வழங்கத் தொடங்கியது. ஆற்றங்கரையை விட்டு, காசில்ரேயில் காலியாயிருந்த ஒரு பள்ளிக்கட்டடத்துக்குப் போய், பின்னர் லிஸ்நபிரீனி என்னும் இன்றைய இடத்தில் நிலையாக ஊன்றினார்கள். 1990களின் தொடக்கத்தில் அங்கு நிரந்தரக் கட்டடங்கள் எழுந்தன. 2010களில் பெரும்பகுதி புதிதாகக் கட்டப்பட்டது.

லிஸ்நபிரீனியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அந்த மண்ணும் கதை உடையது. லிஸ் என்பது ஐரிய மொழியில் வட்டமான மண்கோட்டைக்குப் பெயர். அப்படிப்பட்ட பழங்கோட்டை ஒன்று குன்றின் உச்சியில் இன்றும் மரங்கள் சூழ நிற்கிறது. கீழே ஓடையும் சிற்றருவியும் கொண்ட குறுகிய பள்ளத்தாக்கு. இந்நிலத்தை 1930களில் தேசிய அறக்கட்டளைக்குக் கொடையாக அளித்தவர் நெஸ்கா ராப் என்னும் கல்விச் செல்வி. அவர் குடும்பத்தின் மாளிகையும் பின்னர்ப் பள்ளியின் பயன்பாட்டுக்கு வந்தது. இந்த அம்மையார் 1960களில் இரண்டு பெருந்தொகுதிகளாக எழுதிய நூல் ஆரஞ்சு வில்லியம் மன்னரின் வாழ்க்கை வரலாறு. 1690-ஆம் ஆண்டில் பாயின் ஆற்றுப் போரில் கத்தோலிக்க மன்னர் இரண்டாம் ஜேம்ஸை வென்ற அதே வில்லியம்! ஆண்டுதோறும் ஜூலை மாதம் 12-ஆம் நாள் அவர் பெயரால்தான் பறைகள் முழங்க ஊர்வலங்கள் செல்கின்றன. அவருடைய வரலாற்றாசிரியர் வாழ்ந்த மனையருகே கத்தோலிக்கப் பிள்ளைகளும் சேர்ந்து வரலாறு படிக்கிறார்கள்.

அருகே ராக்கி சாலையில் ஒரு பழைய வாயில் நிற்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது வட அயர்லாந்தில் தங்கியிருந்த அமெரிக்கப் படையினருள் மாண்டோருக்கு 1943-ஆம் ஆண்டில் இங்குக் கல்லறைத் தோட்டம் அமைத்தனர். 148 பேர் அதில் கிடந்தனர். 1948-ஆம் ஆண்டில் அவர்கள் எலும்புகள் எடுக்கப்பட்டு, சில தாயகத்துக்கும் சில இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜுக்கும் அனுப்பப்பட்டன. வாயில் மட்டும் நின்றுவிட்டது.

இனிப் பள்ளியின் அமைப்பு. இது வெறுமனே ‘யாரும் வரலாம்’ என்று கதவைத் திறந்துவைத்த பள்ளி அன்று. அரசுப் பள்ளிகளும் சட்டப்படி யாருக்கும் திறந்தவையே. ஆயினும் யார் வந்தனர்? இங்கே சமநிலை கணக்கிட்டுக் காக்கப்படுகிறது. கத்தோலிக்கர் 100க்கு 40, புரோட்டஸ்டண்டார் 40, பிற சமயத்தாரும் சமயம் குறிக்காதோரும் 20 என்பது ஒருங்கிணைந்த பள்ளிகள் குறிவைக்கும் அளவு. பகுதியில் சிறுபான்மையாக இருப்பவர் 100க்கு 30க்குக் குறையலாகாது என்பது பள்ளிகள் தொடங்குவதற்கான பொது நெறி. சேர்க்கைப் படிவத்தில் சமயத்தைக் கேட்பது பிரிவினையை வளர்ப்பதாகாதா என்று சிலர் கேட்பதுண்டு. எந்த வீட்டுப் பிள்ளை என்று கேளாமலே ஒரு பக்கம் சாய்ந்துபோன பள்ளிகளே அந்நாட்டில் மிகுதி என்பதுதான் அதற்கு விடை. நிர்வாகக் குழுவிலும் இரு சாராருக்கும் இடமுண்டு. பெற்றோரும் ஆசிரியரும் அதில் அமர்கின்றனர். ஆசிரியர்களும் இரு மரபினரிடமிருந்தும் வருகிறார்கள். ஆசிரியர் நியமனத்தில் சமயம் பார்க்கலாம் என்று வட அயர்லாந்துச் சட்டமே நெடுங்காலம் விலக்களித்திருந்தது. 2022-ஆம் ஆண்டுச் சட்டம்தான் அந்த விலக்கை நீக்கியது.

சமயத்தைப் பேசாமல் விட்டால் சண்டை வராது என்று எண்ணும் பள்ளிகள் உண்டு. லாகன் அவ்வழியைக் கொள்ளவில்லை. அது கிறிஸ்தவ நெறியில் நடக்கும் பள்ளி என்றே தன்னைச் சொல்லிக்கொள்கிறது. மறைப்பாடம் எல்லாருக்கும் ஒரே வகுப்பில் நடக்கிறது. கத்தோலிக்கர், பிரெஸ்பிட்டேரியன், ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு ஆகிய நான்கு சபைகள் சேர்ந்து 1990களில் வகுத்த பாடத்திட்டம் அந்நாட்டுப் பள்ளிகளுக்கெல்லாம் பொதுவாக உண்டு. வேறு பள்ளிகளில் ஒரு சாரார் மட்டும் அமர்ந்து படிப்பதை இங்கு இரு சாராரும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து படிக்கின்றனர். ஆன்ம நலனுக்குக் கத்தோலிக்கர் ஒருவர், புரோட்டஸ்டண்டார் ஒருவர் என இருவர் உண்டு. தொடக்க ஆண்டுகளில் மறைமாவட்டம் இப்பள்ளிக்கெனக் குரு ஒருவரை நியமிக்க முன்வரவில்லை என்பதை நினைக்கும்போது, அந்த இரண்டாவது நாற்காலியின் மதிப்புத் தெரியும்.

படிப்பு முறையிலும் இப்பள்ளி நாட்டு வழக்கத்தோடு மாறுபடுகிறது. வட அயர்லாந்தில் பதினொரு வயதில் ஒரு தேர்வு வைத்து, தேறியோரை இலக்கணப் பள்ளிக்கும் தேறாதோரை வேறு பள்ளிக்கும் அனுப்புவது 1947-ஆம் ஆண்டு முதல் வேரூன்றிய பழக்கம். அரசு 2008-ஆம் ஆண்டோடு அத்தேர்வைக் கைவிட்டும் பள்ளிகள் தாமே தேர்வு நடத்தின. லாகனோ எல்லாத் திறமுடைய பிள்ளைகளையும் சேர்க்கிறது. ஒரு பகுதியினரை மட்டும் தேர்வின்படி எடுத்து, மற்றவரையும் அதே கூரையின்கீழ் வைத்துப் படிப்பிக்கிறது. எனவே கலப்பு இங்கு மூவகை: ஆணும் பெண்ணும், இரு சபையும், வேகமாய்ப் படிப்பவரும் மெல்லப் படிப்பவரும். இம்மூன்றில் எது கடினம் என்று எம்மைக் கேட்டால் மூன்றாவது என்போம். பதினாறு வயதில் பொதுத் தேர்வு. அதன்பின் விரும்புவோர் இரண்டு ஆண்டு மேல்வகுப்புப் படித்துப் பல்கலைக்கழகம் செல்வர். அந்நாட்டு எண்ணிக்கையில் எட்டாம் ஆண்டு தொடங்கிப் பதினான்காம் ஆண்டு முடிய ஏழு வகுப்புகள்.

எதிர்ப்பாளர் கூறியவற்றையும் கேட்பது நேர்மை. பள்ளிகள் கலவரத்தை உண்டாக்கவில்லை. வேலையின்மையும் வாக்குரிமைக் குறையும் அநீதியும் உண்டாக்கின என்றனர் ஆயர்கள். அதில் உண்மை உண்டு. ஒரே பள்ளியில் படித்தவரும் சண்டையிட்ட நாடுகள் உலகில் இல்லாமல் இல்லை. புறநகரில், வசதியுள்ள குடும்பங்கள் கூடிப் படிப்பதை வைத்து, மதிலை ஒட்டி வாழும் ஏழைத் தெருக்களின் நோய் தீர்ந்ததென்று சொல்ல முடியுமா என்றும் கேட்டனர். இக்கேள்விக்கு எளிய விடை இல்லை. ஆனால் லாகன் தொடங்கி நான்கே ஆண்டுகளில், 1985-ஆம் ஆண்டில், கலவரத்தால் மிகவும் காயப்பட்ட வட பெல்பாஸ்டிலேயே ஹேசல்வுட் கல்லூரி இரு சாராருக்குமாகத் திறக்கப்பட்டது. வழி பிறந்ததும் அது குன்றைவிட்டு இறங்கத்தான் செய்தது.

1983-ஆம் ஆண்டில் வெளிவந்த புதிய திருச்சபைச் சட்டத் தொகுப்பு, கலப்புப் பள்ளியைத் தடுத்த பழைய விதியை மீண்டும் எழுதவில்லை. கத்தோலிக்கக் கல்வி தரும் பள்ளியைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். இயலாவிடில் பள்ளிக்கு வெளியே அக்கல்வி பிள்ளைக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று 798-ஆம் விதி கூறுகிறது. பத்தாண்டுகளுக்கு முன் அந்தத் தாய்மார் ஞாயிறு வகுப்பு நடத்திச் செய்ததும் ஏறக்குறைய இதுவே.

1989-ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்த ஆணை, ஒருங்கிணைந்த கல்வியை ஊக்குவித்து வழிசெய்வதை அரசின் கடமையாக்கியது. 1998-ஆம் ஆண்டுப் பெரிய வெள்ளி உடன்படிக்கையும் அதை எடுத்துரைத்தது; 2022-ஆம் ஆண்டில் மற்றொரு சட்டம் அதை வலுப்படுத்தியது. இத்தனைக்கும் பின் இன்று இத்தகைய பள்ளிகள் எழுபதுக்குச் சற்று மேல். அவற்றில் படிப்போர் நாட்டின் மாணவருள் 100க்கு ஏறத்தாழ 8 பேரே. 2021-ஆம் ஆண்டு மக்கள் கணக்கில் கத்தோலிக்க மரபினர் 100க்கு 45.7, புரோட்டஸ்டண்டு முதலிய பிற கிறிஸ்தவ மரபினர் 43.5. சிறுபான்மை என்று காத்துக்கொள்ள வேண்டிய நிலை மாறிய பின்னும் பள்ளிகள் பெரும்பாலும் பழைய இடத்திலேயே நிற்கின்றன. லாகனிலோ இடம் கேட்டு வருவோரில் ஒரு பகுதியினரை ஆண்டுதோறும் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது.

ஆண்ட்ரிம் கடற்கரையில் கிளெனார்ம் என்ற சிற்றூர் உள்ளது. அங்குள்ள சீவியூ தொடக்கப் பள்ளி, மாணவர் குறைந்த ஒரு கத்தோலிக்கப் பள்ளி. தங்கள் பள்ளி ஒருங்கிணைந்த பள்ளியாக வேண்டும் என்று அங்குள்ள பெற்றோர் வாக்களித்தனர். 2021-ஆம் ஆண்டில் அவ்வாறே ஆயிற்று. கத்தோலிக்கப் பள்ளி ஒன்று இவ்விதம் மாறியது வட அயர்லாந்தில் அதுவே முதல் முறை. டன்லீத் பிரபுவின் சட்டம் வந்து 43 ஆண்டுகளாகியிருந்தன. கிளெனார்மும் டவுண்-கானர் மறைமாவட்டத்தைச் சேர்ந்த ஊர்தான்.